தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளையின் கையைக் கட்டி வைக்கலாமா?

பேச்சு வராத 9 வயது மகன் சுவரில் தலையை முட்டுகிறான், கையைக் கடித்துக்கொள்கிறான், கையைக் கட்டி வைக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். கட்டச் சொன்னவர்கள் சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள். ராத்திரி முழுக்க அவனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நீங்களாக இருக்கும்.

என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. பேச்சு கிடையாது. எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மீசை அரும்பும் வயதில் திடீரென்று வலது தாடையில் தானே குத்திக்கொள்ள ஆரம்பித்தான். கன்னம் கன்றி வீங்கிவிடும். பிடிவாதம் என்றார் பெரியப்பா. செய்வினை என்றார் இன்னொருவர். அம்மா மட்டும் "அவனுக்கு எங்கயோ நோவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பட்ஸ் பள்ளி (அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கேரளத்தில் உள்ளாட்சிகள் நடத்தும் சிறப்புப் பள்ளி) டீச்சர் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். அடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, மணி என்ன, அடித்த பிறகு நாம் என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். சாப்பாட்டை ஒட்டியே அடி விழுவது அதில் தெரிந்தது. கோயம்புத்தூரில் பல் டாக்டரிடம் போனோம். மயக்கம் கொடுத்துத்தான் வாயைப் பார்க்க முடிந்தது. கடைவாய்ப் பல் சொத்தையாகி அடியில் சீழ் கட்டியிருந்தது. எத்தனை நாள் அந்த வலியோடு இருந்தானோ! காதில் சீழ், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் வலி எல்லாமே இப்படி வெளியே வரலாம். முதலில் உடம்பைப் பாருங்கள்.

பல்லை எடுத்ததும் அடி குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. வலி இருந்தபோது அவன் குத்திக்கொண்டால் குளிப்பாட்டுவதை, எழுத வைப்பதை நிறுத்திவிடுவோம். அடித்துக்கொண்டால் விட்டுவிடுவார்கள் என்பது அவன் மனதில் பதிந்துவிட்டது. 1982-இல் அமெரிக்காவில் நடத்தை ஆய்வாளர் பிரையன் இவாட்டா குழுவினர் காட்டியதும் இதைத்தான்: பார்வைக்கு ஒரே மாதிரி அடி, ஆனால் ஒரு பிள்ளை நம்மை அழைக்கிறது, ஒன்று வேலையிலிருந்து தப்பிக்கிறது, இன்னொன்று யாருமில்லாதபோதும் அடித்துக்கொள்கிறது. வழியும் அதற்கேற்ப மாறும். தம்பிக்கு 'போதும்' என்று உள்ளங்கையைக் காட்டக் கற்றுக்கொடுத்தோம். கை உயர்ந்த நொடியே, ஒவ்வொரு முறையும், நிறுத்தினோம். அப்புறம் மெல்ல மெல்ல நேரத்தை நீட்டினோம். இப்போது அடித்துக்கொள்வது அபூர்வம்.

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ரிஸ்பெரிடோன் என்ற மனநல மாத்திரை சில பிள்ளைகளுக்கு உதவுகிறது. எடை கூடும், டாக்டர் கவனிப்பு வேண்டும். தங்களையே கடித்துக்கொள்ள வைக்கும் லெஷ்-நைஹான் என்ற மரபணு நோயில் பிள்ளைகளே தங்களைக் கட்டி வைக்கச் சொல்லிக் கேட்பதும் உண்டு. அங்கே டாக்டர் சொல்லும் பாதுகாப்பு வேறு, வீட்டில் துண்டை எடுத்துக் கட்டுவது வேறு. உங்கள் மகன் முட்டும்போது சுவருக்கும் தலைக்கும் நடுவில் தலையணையை வையுங்கள். கண்ணையும் பரிசோதியுங்கள், தொடர்ந்து அடிபட்டால் விழித்திரை பிரியலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். இத்தனை தமிழர்கள் இருக்கும் எங்கள் தாலுகாவில் தம்பியின் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனபோது மலையாளப் படிவத்தைத்தான் நீட்டினார்கள். அம்மா தமிழ்ப் பள்ளியில் படித்தவர். மகனுக்காகக் கையெழுத்துப் போடும் தாளில் என்ன இருக்கிறது என்று அவர் படிக்க வேண்டாமா? தமிழில் கேட்டதற்கு முகத்தைச் சுளித்தார்கள். சரி, நீங்கள் யூடிஐடி அட்டையை (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) எடுத்துவிடுங்கள், நாடு முழுக்கச் செல்லும். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், அதற்கும் விண்ணப்பியுங்கள்.