பதிமுகமும் இமயத்துக் காட்டுச் செர்ரியும்

அன்புள்ள ஐயா,

சென்ற நவம்பரில் குடும்பத்தோடு மேகாலயா போயிருந்தபோது, ஷில்லாங்கில் ஏரிக்கரையிலும் சாலையோரங்களிலும் இலையே இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நின்ற மரங்களைப் பார்த்தோம். ஜப்பானில் பூக்கும் செர்ரி மரம்தான் இது என்றார் எங்கள் வண்டி ஓட்டுநர். விடுதியில் எங்களோடு தங்கியிருந்த கட்வால் பகுதி அம்மையார் ஒருவர் அதை மறுத்து, இது தங்கள் ஊர்ப் 'பய்யா' என்றும், கல்யாணப் பந்தலுக்கு இதன் கிளை வேண்டும் என்றும் சொன்னார். ஊர் திரும்பித் தேடியதில், இதன் சமஸ்கிருதப் பெயர் 'பத்மகம்' என்றும், அதுவே மலையாளத்தில் 'பதிமுகம்' என்றும் போட்டிருக்கிறது. பாலக்காட்டு உறவினர்கள் பழக்கிவிட்டதால் எங்கள் வீட்டில் பல வருடங்களாகப் பதிமுகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீரைத்தான் குடிக்கிறோம். அப்படியென்றால் நாங்கள் குடிப்பது இமயமலைச் செர்ரி மரத்தின் சீவலா? ஷில்லாங்கில் கருஞ்சிவப்பாக விற்ற பழச்சாறு இந்த மரத்தின் பழம்தானா? வேறு என்ன பயன் இதற்கு? தமிழில் இதை எப்படிச் சொல்வது?

க., பொள்ளாச்சி

அன்புள்ள க. அவர்களுக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குடிப்பது செர்ரி மரத்தின் சீவல் அல்ல. கேரளத்திலும் அதை ஒட்டிய நம் மாவட்டங்களிலும் பதிமுகம் என்ற பெயரில் விற்கப்படுவது, தமிழில் சப்பங்கம் என்றும் பதங்கம் என்றும் சொல்லப்படும் மரத்தின் வைரம், அதாவது முற்றிய உட்கட்டை. அது புளி, கொன்றை, அவரை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த முள் மரம். மஞ்சள் பூவும் தட்டையான காயும் உடையது. ஷில்லாங்கில் நீங்கள் பார்த்ததோ ரோஜா, ஆப்பிள், பீச் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் அதற்கு 'புரூனஸ் செரசாய்டிஸ்' என்று பெயர். இரண்டுக்கும் உறவு ஏதும் இல்லை. பெயர் மட்டுமே பொது.

இதை உங்கள் அடுக்களையிலேயே பார்த்துக்கொள்ளலாம். பதிமுகச் சீவல் ஒன்றை வெந்நீரில் போட்டால் சிறிது நேரத்துக்குள் அதிலிருந்து இளஞ்சிவப்பு இழை இழையாகப் பிரிந்து இறங்கும். அந்த நீரைக் கொஞ்சம் தனியே எடுத்து ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு மறைந்து மஞ்சளாகிவிடும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு நீர் ஒரு துளி விட்டால் சிவப்பு மேலும் அடர்ந்து கருஞ்சிவப்பை நோக்கிப் போகும். சப்பங்க மரத்தில் உள்ள பிரேசிலின் என்ற பொருள் காற்றுப் பட்டு மாறுவதால் வரும் நிறம் இது. ஒரு காலத்தில் துணிச்சாயத்துக்காக இந்தக் கட்டை கப்பல் கப்பலாகப் போனது இதற்காகத்தான். இமயத்துச் செர்ரியின் வைரமும் செம்பழுப்பாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீரில் இந்த வேடிக்கையைக் காட்டாது.

இரண்டு மரங்கள் ஒரு பெயருக்குள் வந்தது எப்படி என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குச் சுவையான பகுதி. ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதையில் பத்து பத்து மருந்துகளாகத் தொகுத்திருக்கும் வரிசைகளில், மேனிக்கு நிறம் தருபவை என்ற தொகுப்பிலும் வேதனையை அடக்குபவை என்ற தொகுப்பிலும் பத்மகம் வருகிறது. இன்னொரு ஆயுர்வேத நூலான வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் சீந்தில், வேம்பு, கொத்தமல்லி, செஞ்சந்தனம் ஆகியவற்றோடு ஒரே தொகுப்பில் வருகிறது. இந்திய அரசின் ஆயுர்வேத மருந்து நூல் பத்மகம் என்பதற்கு இமயத்துச் செர்ரியையே குறிக்கிறது. வட இந்திய மருந்துக் கடைகளில் 'பத்மகாஷ்டம்' அல்லது 'பத்மாக்' என்று கேட்டால் அதன் கட்டையைத்தான் தருவார்கள். ஆனால் அஷ்டாங்க ஹிருதயத்தை மற்ற எல்லாரையும்விட விடாப்பிடியாகப் போற்றிப் பயின்ற கேரள வைத்திய மரபில், அதே இடத்தில் பதிமுகம் என்று சப்பங்கத்தைப் போடுகிறார்கள். இமயத்து மரம் தெற்கே எளிதில் வந்து சேராத காலத்தில், செந்நிற வைரமுள்ள உள்ளூர் மரம் ஒன்று அதன் இடத்தையும் பெயரையும் எடுத்துக்கொண்டது என்பது என் கணிப்பு.

இதைக் கலப்படம் என்று சொல்லிவிடக் கூடாது. சங்கபுஷ்பி என்றால் வடக்கே தரையோடு படரும் ஒரு சிறு கொடி, கேரளத்தில் நம் வேலிக் காக்கணம். ராஸ்னா என்றால் வடக்கே ஒரு புதர்ச்செடி, தெற்கே அரத்தைக் கிழங்கு. நூலில் இருப்பது ஒரு பெயரும் சில குணங்களும் மட்டும்தான். அந்தக் குணங்களுக்குப் பொருந்துவதாகத் தம் காட்டில் எது கிடைத்ததோ அதை அந்தந்த ஊர் வைத்தியர் தேர்ந்து, தலைமுறைகளாகக் கையாண்டு, அதன் அளவையும் பக்குவத்தையும் கண்டிருக்கிறார். தவறு எங்கே தொடங்குகிறது என்றால், ஒரு மரத்தைப் பற்றிய செய்தியை எடுத்து இன்னொரு மரத்தின் பொட்டலத்தில் அச்சடிக்கும்போது. பதிமுகப் பொட்டலத்தின் மேல் செர்ரிப் பூவின் படமும் 'இமயமலை மூலிகை' என்ற வரியும் இருந்தால், உள்ளே இருப்பது எதுவானாலும் மேலே இருப்பதை நம்பாதீர்கள்.

இனி மரத்துக்கு வருகிறேன். காஷ்மீர், இமாசலம் தொடங்கி உத்தராகண்ட், நேபாளம், சிக்கிம், பூட்டான் வழியாக மேகாலயா, மியான்மர், வடக்குத் தாய்லாந்து, தென்மேற்குச் சீனா வரை, பெரும்பாலும் 1200 முதல் 2400 மீட்டர் உயரத்தில் இது இயல்பாக வளர்கிறது. 'இயல்பாக' என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஷில்லாங்கில் 2016 முதல் நவம்பரில் செர்ரிப் பூ விழா எடுக்கத் தொடங்கியதிலிருந்து, இது ஜப்பானிலிருந்து கொண்டுவந்து நட்டது என்ற எண்ணம் வெளியூர்க்காரர்களிடம் பரவிவிட்டது. ஜப்பானியச் செர்ரி பெரும்பாலும் வசந்தத்தில் பூப்பது. இது மழைக்காலம் முடிந்து, இலையுதிர்த்து, குளிர் தொடங்கும்போது பூக்கிறது. உங்கள் ஓட்டுநர் சொன்னதில் பேரினம் சரி, ஊர்தான் தவறு.

பூ இல்லாத காலத்திலும் மரத்தை அடையாளம் காண முடியும். பட்டை செம்புத் தகடு போலப் பளபளக்கும், குறுக்குவாட்டில் மெல்லிய தோலாக உரியும். இலையின் ஓரம் அரம்பப் பல்லாக இருக்கும். இலைக்காம்பும் இலைப்பரப்பும் சேரும் இடத்தில் கடுகைவிடச் சிறிய மொட்டுகளாகச் சில சுரப்பிகளைப் பார்க்கலாம். அவற்றில் தேன் கசியும், எறும்பு வந்து மொய்க்கும். பச்சைக் குச்சியை நகத்தால் சுரண்டி முகர்ந்தால் கசப்பு வாதுமையின் வாசனை வரும். அந்த வாசனையைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கட்வாலி, குமாவுனிப் பேச்சில் பய்யா, நேபாளியில் பையூங், இமாசலத்தில் பாஜா, இந்தியில் பதம் அல்லது பத்மாக் என்று வழங்கும் பெயர்கள் எல்லாம் பத்மகம் என்பதன் ஒலி தேய்ந்த வடிவங்கள் என்றே கொள்ளப்படுகின்றன. அறிவியல் பெயரிலும் ஒரு காலத்தில் இந்தச் சொல் இருந்தது. கல்கத்தா தாவரத் தோட்டத்தை நடத்திய ராக்ஸ்பர்க்கின் பெயரோடு சேர்த்து 'புரூனஸ் பத்தம்' என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு வன அதிகாரிகள் எழுதினார்கள். 'பத்தம்' என்பது வடக்கத்திப் பதம்தான், ஆங்கிலக் காதில் விழுந்த விதத்தில். ஆனால் அதற்கு முன்பே, 1802-03-இல் நேபாளத்துக்குப் போய்த் தாவரங்களைச் சேகரித்த பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டனின் குறிப்புகளைக் கொண்டு, லண்டனில் டேவிட் டான் 1825-இல் வெளியிட்ட நேபாளத் தாவர நூலில் 'செரசாய்டிஸ்', அதாவது செர்ரியை ஒத்தது, என்று பெயரிட்டிருந்தார். முந்திய பெயருக்கே முன்னுரிமை என்பது தாவரவியலின் விதி. அதனால் பத்தம் கைவிடப்பட்டது. விதி தேவைதான். இருந்தாலும், தனக்கென்று ஒரு பழம்பெயர் வைத்திருந்த மரத்தை 'இன்னொன்றைப் போன்றது' என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தப் புக்கானன் உங்கள் பகுதிக்குப் புதியவர் அல்லர். நேபாளம் செல்வதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பு, 1800-இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கோயம்புத்தூர், மலபார் வழியாகப் பயணம் செய்து, வேளாண்மையும் நெசவும் உட்பட எல்லாவற்றையும் எழுதி வைத்தவர் அவர்தான்.

பயன் என்று கேட்டிருந்தீர்கள். மருந்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் இந்த மரத்தோடு வாழும் மலைமக்கள் இதை முதன்மையாக மருந்தாகக் கருதுவதில்லை.

அந்த அம்மையார் சொன்னது உண்மை. உத்தராகண்ட் மலையூர்களில் இது தெய்வ மரம். இலைக்கிளைகளைக் கல்யாணப் பந்தலில் கட்டுகிறார்கள், தோரணமாக வாசலில் இடுகிறார்கள். அடுப்பெரிக்க வெட்டுவதைத் தவிர்க்கிறார்கள். குளிரில் மற்ற மரங்கள் உறங்கப் போகும் நேரத்தில் இது பூப்பதே அந்த மதிப்புக்குக் காரணம் என்று சொல்லப்படுவதை நம்பலாம். நவம்பரில் அந்த உயரத்தில் தேனீக்குக் கிடைக்கும் பெரிய பூப்பு இது ஒன்றுதான் என்று சொல்லும் அளவுக்கு, மரம் முழுவதும் ரீங்காரமாக இருக்கும். மலைவீட்டுச் சுவரில் பொந்து வைத்துத் தேனீ வளர்ப்பவர்களுக்கு, குளிர்காலம் தாங்குவதற்கான தேன் இந்தப் பூவிலிருந்து கூட்டில் சேருகிறது. ஒரு மரத்தின் பயனை எடை போட்டு விலை சொல்ல முடிகிற பொருள்களில் மட்டும் தேடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இமாசலத் தோட்டக்காரர்களுக்கு இதன் பயன் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. கடையில் விற்கும் இனிப்புச் செர்ரி ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதை அங்கே வளர்க்க, பாஜா விதையை முளைக்க வைத்து, அந்த நாற்றையே வேர்ச்செடியாகக் கொண்டு மேலே இனிப்புச் செர்ரியின் ஒட்டைக் கட்டுகிறார்கள். மலைச்சரிவின் மண்ணுக்குப் பழகிய வேர் கீழே, விலைபோகும் பழம் மேலே. தாய்லாந்தில் சியாங் மாய் நகரை ஒட்டிய மலைகளில் அழிந்த காட்டை மீட்க நடும் மரங்களில் இதற்கு முதலிடங்களில் ஒன்று உண்டு. வேகமாக வளர்ந்து நிழல் தந்து களையை அடக்குகிறது, சில ஆண்டுகளிலேயே பறவைகளை வரவழைக்கிறது, பறவைகள் மற்ற மரங்களின் விதைகளைக் கொண்டுவந்து போடுகின்றன.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வழுவழுப்பான பட்டை சீவாமல் அப்படியே இருக்கும் கொம்பு, கைத்தடிக்கு மிகவும் விரும்பப்படுகிறது. கொட்டையைத் துளைத்து மாலையாகக் கோக்கிறார்கள். அடிமரத்தில் வடியும் பிசின் உண்டு. பழம் ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், சித்திரை வைகாசியில் பழுக்கும், புளிப்பும் துவர்ப்புமாக நாக்கைப் பிடிக்கும். பறவைக்கு விருந்து, மனிதருக்கு ஊறுகாய்ப் பதம். ஆகவே நீங்கள் ஷில்லாங்கில் குடித்த கருஞ்சிவப்புச் சாறு இதனுடையதாக இருக்க வழியில்லை. அது பெரும்பாலும் சோஹ்யோங் பழமாக இருக்கும். மேகாலயாவின் காசி இனத்தார் மொழியில் 'சோ' என்றால் பழம், 'யோங்' என்றால் கறுப்பு. அதுவும் புரூனஸ் பேரினம்தான், நேபாளத்தின் பெயர் கொண்ட வேறு இனம். சதைப்பற்று அதிகம், சாறும் ஜாமும் ஒயினும் ஆவது அதுதான்.

மருந்து. பட்டையை அரைத்து முதுகுவலிக்கும் அடிபட்ட இடத்துக்கும் பற்றுப் போடுவது மலை வழக்கம். கட்டை கசாயத்தில் சேர்கிறது. இதன் பட்டையில் உள்ள வேதிப்பொருள்களை 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முறையாகப் பிரித்து ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம் குளித்தலையில் பிறந்த வேதியியலாளர் டி. ஆர். சேஷாத்திரி. அவர்கள் பிரித்தவற்றுள் ஜப்பானியச் செர்ரியான சகுராவின் பெயர் தாங்கிய சகுரனெட்டின் வகைப் பொருளும் உண்டு. ஆக, உங்கள் ஓட்டுநர் சொன்ன ஜப்பான் தொடர்பு பட்டைக்குள் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

கசப்பு வாதுமை வாசனையைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். இலை, குச்சி, கொட்டைப் பருப்பு மூன்றிலும் அமிக்டலின் போன்ற பொருள்கள் உள்ளன. அவற்றை நசுக்கும்போதோ மெல்லும்போதோ செல்லுக்குள் தனித்தனியே இருந்த நொதியும் அந்தப் பொருளும் கலந்து, வாசனை தரும் பென்சால்டிஹைடும் கூடவே ஹைட்ரஜன் சயனைடும் வெளிப்படும். பழத்தின் சதை தீங்கற்றது, பருப்பு அப்படியல்ல. சிறுநீரகக் கல்லுக்கு இந்தப் பருப்பைத் தின்னலாம் என்று வலைத்தளங்களில் எழுதியிருப்பதைப் பார்த்து யாரும் இறங்கிவிட வேண்டாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இதன் வாடிய தழையைப் போடுவதும் ஆபத்து. அமெரிக்க இருமல் மருந்துப் புட்டிகளில் 'காட்டுச் செர்ரி' என்று எழுதியிருப்பது அந்நாட்டுக் கருஞ்செர்ரி மரத்தின் பட்டையை. அதைக் காட்டி இதைச் சாப்பிடுவதற்கும் நியாயம் இல்லை.

தமிழ்ப் பெயர் கேட்டிருந்தீர்கள். பதிமுகம் என்று எழுதினால் நம் வாசகர் வெந்நீர்ப் பானையைத்தான் நினைப்பார். பத்மகம், பதுமகம் என்ற வடிவங்கள் மருத்துவ ஏடுகளுக்குச் சரி, அங்கேயும் எந்த மரம் என்று கேட்க வேண்டியிருக்கும். 'இமயச் செர்ரி' என்றால் தோட்டத்து இனிப்புச் செர்ரியின் ஒரு வகை என்று தோன்றிவிடும். ஆகவே பயணக் குறிப்பில் 'இமயக் காட்டுச் செர்ரி' என்று எழுதுங்கள். முதல் முறை மட்டும், கட்வாலியர் இதைப் பய்யா என்பார்கள் என்று சேர்த்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பதிமுகத் தண்ணீரை இந்த மரத்துக்காக நிறுத்த வேண்டியதில்லை. ஏதேனும் மருந்துச் சீட்டில் பத்மகம் என்று இருந்தால் மட்டும், வைத்தியர் வடக்கத்தி நூலைப் பார்த்து எழுதினாரா, கேரள முறைப்படி எழுதினாரா என்று அவரிடமே கேட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.