சீட் புக் பண்ணப் பத்தாயிரம் கேட்டால் உடனே கட்டிவிடாதீர்கள்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். தங்கச்சி பிளஸ் டூ முடித்துவிட்டாள், இன்ஜினியரிங் படிக்க ஆசை. எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் போனதில்லை. தனியார் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ எங்களைப் போன்றவர்களுக்குப் பண உதவி கிடைக்குமா? ஒரு கல்லூரிக்காரர் வீட்டுக்கே வந்து, சீட் புக் பண்ணப் பத்தாயிரம் கேட்கிறார்.

கிடைக்கும். ஆனால் அந்தப் பத்தாயிரத்தை இப்போது கட்டினால், கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி போய்விடும். எங்கள் வீட்டில் போயிற்று.

எங்களுக்குப் பள்ளிபாளையம். அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறவர். 2014 மே மாதம், அண்ணனுக்கு ரிசல்ட் வந்த மூன்றாம் நாளே ஒரு கல்லூரியிலிருந்து ஆள் வந்துவிட்டார். "கவுன்சிலிங்னு நம்பி இருந்தீங்கன்னா சீட் தீர்ந்து போயிருமுங்க. பத்தாயிரம் மட்டும் கட்டிருங்க, மீதிய அப்புறம் பார்த்துக்கலாம்." அப்பா தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் தறி ஓனரிடம் ஓடி அட்வான்ஸ் வாங்கி வந்து கொடுத்தார். டிசி, மார்க் ஷீட் எல்லாம் ஒரிஜினலாகவே வாங்கிக்கொண்டார்கள். ரசீதின் மூலையில் பென்சிலில் 'எம்.க்யூ' என்று எழுதியிருந்தது. மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கவுன்சிலிங் இல்லாமல் கல்லூரியே நேரடியாகக் கொடுக்கும் சீட் என்று அதற்கு அர்த்தம். எங்களில் யாருக்கும் அது தெரியாது. அப்போதெல்லாம் மதிப்பெண் வரிசைப்படி அரசு இடம் ஒதுக்கும் கவுன்சிலிங்குக்கு ஒரிஜினலை எடுத்துக்கொண்டு சென்னைக்கு, அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். கையில் ஒரிஜினல் இல்லாமல் எப்படிப் போவது?

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிறவருக்கு அரசு தரும் முதல் பட்டதாரிச் சலுகை, கவுன்சிலிங் வழியாகச் சேர்கிறவர்களுக்குத்தான். அண்ணனுக்கு அது கிடைக்கவில்லை. அதைவிட எனக்கு வலித்தது இன்னொன்று. 2019இல் நான் சேரும்போது அண்ணன் பட்டம் வாங்கியிருந்தான். அதனால் நான் முதல் பட்டதாரி இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒருமுறை வரும் சலுகை, எங்கள் வீட்டில் யாருக்குமே பயன்படாமல் போனது.

உங்கள் தங்கச்சிக்கு அந்த வாசல் இன்னும் திறந்திருக்கிறது. அதே கல்லூரியையே கவுன்சிலிங்கில் விருப்பமாகக் கொடுங்கள். முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் குறையும். வருமான வரம்பு, சாதி எதுவும் பார்ப்பதில்லை. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் இன்னும் நல்லது: 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். சீட் தீர்ந்துவிடும் என்ற பேச்சை நம்பாதீர்கள். ஒவ்வொரு வருடமும் கவுன்சிலிங் முடிந்த பிறகும் சுயநிதிக் கல்லூரிகளில் இடங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன.

பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தனியாக உண்டு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு ஏஐசிடிஇ என்ற மத்தியத் தொழில்நுட்பக் கல்வி அமைப்பின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். முதலாண்டில் சேர்ந்ததும் விண்ணப்பிக்க வேண்டும், வருமான வரம்பு 8 லட்சம்.

நிகர்நிலை (டீம்டு) பல்கலைக்கழகம் வேறு கணக்கு. அவை இந்தக் கவுன்சிலிங்கில் வராததால் முதல் பட்டதாரிச் சலுகையும் 7.5 சதவீதமும் அங்கே செல்லாது. அவர்களே தரும் ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் மதிப்பெண், நுழைவுத் தேர்வு ரேங்க் பார்த்துத்தான். இரண்டாம் ஆண்டும் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும், ஒரு அரியர் விழுந்தால் நின்றுவிடுமா என்று எழுத்தில் வாங்காமல் சேர்க்காதீர்கள்.

நான் வங்கியில் கல்விக் கடன் வாங்கித்தான் படித்தேன், மூன்றரை லட்சம். நாலு லட்சம் வரை அடமானமோ வெளியாள் ஜாமீனோ வேண்டாம், அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும். முதலில் போன வங்கியில் "உங்க ஏரியா எங்களுக்கு வராது" என்று திருப்பி அனுப்பினார்கள். அப்பா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, அந்தத் தாளோடு போய், "முடியாதுன்னா காரணத்த எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டேன். இரண்டு வாரத்தில் கூப்பிட்டார்கள். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே கட்டும். அதற்குக் கல்லூரிக்கு நாக் (NAAC) அல்லது படிப்புக்கு என்பிஏ (NBA) என்ற தர அங்கீகாரம் வேண்டும். சேரும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது: இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் போட்டுவிடுங்கள். அப்பா, அம்மா, நீங்கள் எல்லோரும் படித்த பள்ளியின் டிசி கேட்பார்கள். பழைய டிசி தொலைந்திருந்தால் பள்ளிக்கு நாலு நடை நடக்க வேண்டியிருக்கும், அதனால்தான் சொல்கிறேன். ஒரிஜினலை யாரிடமும் விடாதீர்கள், ஜெராக்ஸ் கொடுங்கள். தங்கச்சி அரசுப் பள்ளியா, கட்ஆஃப் எவ்வளவு என்று கீழே எழுதினால், எந்தெந்தக் கல்லூரியை எந்த வரிசையில் போடலாம் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.