புல் காய்ந்தால் அமெரிக்க அரசு என்ன தரும்?

வறட்சியில் மேய்ச்சலை இழந்த கால்நடை வளர்ப்பவர்களுக்கு அமெரிக்க வேளாண் துறை ஈடு தருகிறது. அங்கே இந்தத் திட்டத்தை எல்.எஃப்.பி. (கால்நடைத் தீவனப் பேரிடர் திட்டம்) என்பார்கள். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

கேள்வி: டெக்சாஸில் எங்கள் நிலம் கருகிவிட்டது. போட்டோ எடுத்துக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. தகுதியை முடிவு செய்வது வாராவாரம் வியாழக்கிழமை வெளியாகும் வறட்சி வரைபடம். மேய்ச்சல் காலத்தில் உங்கள் கவுண்டியின், அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவின், ஏதாவது ஒரு மூலையாவது தொடர்ந்து 4 வாரம் டி2, அதாவது கடும் வறட்சி, என்று குறிக்கப்பட்டிருந்தால் ஒரு மாதத் தீவனச் செலவுக்கான தொகை கிடைக்கும். 2025 சட்டம் வருவதற்கு முன் இது 8 வாரமாக இருந்தது. அதைவிடக் கடுமையான டி3 ஒருமுறை தொட்டாலே மூன்று மாதத் தொகை. உச்சநிலையான டி4 நான்கு வாரம் நீடித்தால் ஐந்து மாதத் தொகை. கவுண்டி எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குப் பணம், அந்தப் பக்கம் அதே காய்ந்த புல்லோடு நிற்பவருக்கு ஒன்றும் இல்லை. எனக்கு இது நியாயமாகத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு வயலாகப் போய் அளந்தால் உதவி இன்னும் தாமதமாகும் என்பதும் உண்மைதான்.

கேள்வி: முழு தீவனச் செலவும் கிடைக்குமா?

பதில்: இல்லை, 60 சதவீதம்தான். அதுவும் நீங்கள் கொடுத்த பில்லை வைத்து அல்ல. அரசு வைத்திருக்கும் கணக்கு உண்டு. உங்களிடம் 100 மாடு இருந்து, நிலம் 40 மாட்டுக்குத்தான் தாங்கும் என்றால், கணக்கு 40-க்குத்தான். ஒருவருக்கு ஆண்டு உச்சவரம்பு 1,25,000 டாலர்.

கேள்வி: தீவனம் வாங்க முடியாமல் பாதி மந்தையை விற்றுவிட்டோம். அது போனதுதானா?

பதில்: போகவில்லை. வறட்சியால் அந்த ஆண்டோ முந்தைய இரண்டு ஆண்டுகளிலோ விற்றிருந்தால், அந்த மாடுகளுக்கும் வழக்கமான தொகையில் 80 சதவீதம் உண்டு. பலர் இது தெரியாமல் மிச்சமிருக்கும் மாடுகளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். விற்ற ரசீதைத் தொலைக்காதீர்கள். தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மந்தையை லாரியில் ஏற்றி அனுப்பும் வலிக்கு இந்தத் தொகை ஈடாகாது என்பது வேறு விஷயம்.

கேள்வி: வெள்ளாடு சேருமா? ஆசைக்கு வைத்திருக்கும் குதிரை?

பதில்: வெள்ளாடு, செம்மறி, அல்பாக்கா கூடச் சேரும். தொழிலுக்காக வளர்த்திருக்க வேண்டும். சவாரிக் குதிரை சேராது.

கேள்வி: காட்டுத்தீயில் மேய்ச்சல் போனால்?

பதில்: மத்திய அரசின் மேய்ச்சல் நிலத்தில் தீயால் உங்கள் மாடுகளை விடக்கூடாது என்று தடுத்திருந்தால்தான். தடுத்த நாட்களுக்கு, 180 நாள் வரை, தீவனச் செலவில் 50 சதவீதம்.

கேள்வி: பணம் எப்போது வரும்? வறட்சி வந்த பிறகு போனால் சரியா?

பதில்: முன்பு ரொம்பக் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த உதவித் திட்டங்கள் 2011 செப்டம்பரோடு காலாவதியாகின. 2012-இல் பெரும் வறட்சி. 2014 வேளாண் சட்டம்தான் திட்டத்தை நிரந்தரமாக்கி, 2011 அக்டோபர் வரை பின்தேதியிட்டுக் கொடுத்தது. அதற்குள் மந்தையை விற்றுவிட்டவர்கள் எத்தனையோ பேர். இப்போது அவ்வளவு காத்திருக்க வேண்டாம். மறு ஆண்டு மார்ச் 1-க்குள் விண்ணப்பிக்கலாம். ஆனால் எத்தனை ஏக்கர் மேய்ச்சல் என்ற பதிவையும் குத்தகைக் காகிதத்தையும் உங்கள் கவுண்டி அலுவலகத்தில் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். கன்று ஈன்ற கணக்கு, வாங்கிய தேதி எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். வறட்சி தொடங்குவதற்கு முந்தைய 60 நாட்களில் மாடுகள் உங்களுடையவையாக இருந்தன என்று காட்ட அதுதான் வேண்டும்.