வைக்கோல் போன வழியே பொட்டாஷும் போகும்: டெல்டா வயல்களுக்கான கேள்வி பதில்

சம்பாவுக்குப் பின் உளுந்து, அதன்பின் குறுவை என்று சுழற்சியாகப் பயிர் செய்பவர்களின் கேள்விகள் இவை.

கேள்வி (மன்னார்குடி): அண்ணே, மெஷின் அறுப்பு முடிந்ததும் வைக்கோலைக் கட்டுக்கட்டி விற்றுவிடுகிறேன். அதனால் வயலுக்கு நட்டம் உண்டா?

உண்டு தம்பி. நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில், அதாவது பொட்டாஷில், ஐந்தில் நான்கு பங்கு நெல்லில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் லாரி ஏறினால், கூடவே ஏறக்குறைய ஒரு மூட்டை பொட்டாஷும் ஏறிப் போகிறது. வைக்கோல் விலையைப் பேசும்போது இதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் மாடே தின்று, சாணமும் கோமியமும் அதே வயலுக்குத் திரும்பினால் இழப்பு குறைவு. விற்றே ஆக வேண்டுமென்றால் தாளை (வயலில் நிற்கும் அடித்தண்டை) உயரமாக விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அடுத்த நெல்லுக்குப் பொட்டாஷை மட்டும் குறைக்காதீர்கள்.

கேள்வி (கும்பகோணம்): கொளுத்தினால் சாம்பல் வயலிலேயே கிடக்கிறதே, அது உரம்தானே?

சாம்பலில் பொட்டாஷ் இருக்கும், சரி. ஆனால் தழைச்சத்து (நைட்ரஜன்) கிட்டத்தட்ட முழுதும், கந்தகத்தில் ஒரு பகுதியும் புகையாகப் போய்விடும். மண்ணுக்குச் சேர வேண்டிய மட்குப்பொருளும் போச்சு. தயவுசெய்து கொளுத்தாதீர்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): போன வருடம் தாளை மடக்கி உழுது, நாலாம் நாளே நட்டேன். பயிர் மஞ்சளாக நின்றது. தாள்தான் காரணமா?

தாளைக் குறை சொல்ல முடியாது, நட்ட அவசரம்தான் காரணம். வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 60 முதல் 80 பங்கு கரிமம் இருக்கிறது. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து போதாது. அதனால் மண்ணில் இருப்பதையும், நீங்கள் போட்ட யூரியாவையும் அவை முதலில் எடுத்துக்கொள்ளும். நாற்று பட்டினி கிடக்கும். பிறகு அவை மடியும்போது அந்தச் சத்து மண்ணுக்கே திரும்பும், ஆனால் நாள் பிடிக்கும். தேங்கிய நீரில் பச்சைத் தாள் அழுகும்போது உண்டாகும் அமிலங்களும் இளவேரைக் கெடுக்கும். அதனால் தாளை மடக்கும் முதல் சேற்றுழவிலேயே ஏக்கருக்கு 9 கிலோ யூரியா போடுங்கள். நடவுக்குக் குறைந்தது 10 நாள் இடைவெளி விடுங்கள், இரண்டு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி (நாகப்பட்டினம்): உளுந்து போட்ட வயலில் குறுவைக்கு யூரியாவைக் குறைக்கலாமா ஐயா?

நாம் உளுந்தை எப்படி எடுக்கிறோம் என்று பாருங்கள் அம்மா. வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோகிறோம், கொடி மாட்டுக்குப் போகிறது. வேர்முடிச்சு சேர்த்த தழைச்சத்தில் வயலுக்கு மிஞ்சுவது சொற்பம். தரையை ஒட்டி அரிந்து வேரை மண்ணிலேயே விட்டு, பொட்டையும் (காய்த்தோலையும் சருகையும்) வயலுக்கே திருப்பினால்தான் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு குறைக்காமல், இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையைக் காட்டும் அட்டை) வைத்துப் பார்த்து மேலுரம் கொடுங்கள்.

கேள்வி (அவரே): நெல்லுக்குப் பின் உழாமல் எடுக்கும் நெல் தரிசு உளுந்துக்கு அடியுரம் போட வழியில்லையே?

அதனால்தான் இலைவழி கொடுக்கிறோம். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி உரத்தை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிவை வடிகட்டி 200 லிட்டராக்கி, பூக்கும் தருணத்தில் ஒரு முறையும் 15 நாள் கழித்து ஒரு முறையும் மாலையில் தெளியுங்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): துத்தநாக சல்பேட்டை டிஏபியோடு கலந்து போடலாமா?

கூடாது. டிஏபியில் உள்ள மணிச்சத்தோடு (பாஸ்பரஸ்) சேர்ந்தால் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காமல் போகும். ஏக்கருக்கு 10 கிலோவை 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்கு முன் தனியாகத் தூவிவிடுங்கள்.