தேதி முதலில், முகூர்த்தம் அப்புறம்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அமெரிக்கக் குடும்ப விசா பற்றியவை. வேலைவாய்ப்புப் பிரிவில் வந்த சிலவும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கத்தவை. ஆண்டுக் கணக்கை முழு எண்ணாகத்தான் சொல்கிறேன். நாள் சுத்தமாக வேண்டுபவர்கள் எந்த மனுத் தேதிவரை விசா என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டினைத் திறந்து பார்க்கவும். படிக்க உட்காரும்போது மனு போட்டதும் அமெரிக்கக் குடிவரவுத் துறை அனுப்பிய ஐ-797 ரசீது பக்கத்தில் இருக்கட்டும்.

அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்து ரொம்ப நாளாகிவிட்டது. எப்போது கிடைக்கும்? (தானே, மகாராஷ்டிரம்)

எந்தப் பிரிவு, மனு பதிவான தேதி (வரிசையில் உங்கள் இடம் அதுதான்) எது, பிறந்த நாடு எது? மூன்றில் ஒன்றையும் எழுதாமல் "எப்போது" என்றால் நான் ஜாதகம்தான் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் ஐ-797-இல் அச்சாகியிருக்கின்றன. எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அமெரிக்க சிட்டிசனான அண்ணன் எனக்கு 2009-இல் எஃப்-4 (உடன்பிறந்தோருக்கான மனு) போட்டார். புல்லட்டினில் இரண்டு அட்டவணை இருக்கின்றன. எதைப் பார்ப்பது? ஏன் இவ்வளவு தாமதம்? (மாட்டுங்கா)

விசா கைக்கு வருவதைத் தீர்மானிப்பது 'ஃபைனல் ஆக்‌ஷன்' என்று தலைப்பிட்ட முதல் அட்டவணை. இரண்டாவதில் உங்கள் தேதி வந்தால் என்விசி (அமெரிக்காவின் தேசிய விசா மையம்) கட்டணமும் காகிதங்களும் கேட்கும், அவ்வளவுதான். அதை நம்பி ராஜினாமா எழுதாதீர்கள், வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்காதீர்கள். இன்னொன்று: உங்கள் தேதி அட்டவணையில் உள்ள தேதிக்கு முந்தையதாக இருக்க வேண்டும். அதே தேதியாக இருந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம்.

தாமதத்துக்குக் காரணம் கூட்டம்தான். உடன்பிறந்தோர் பிரிவுக்கு உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 65,000 விசா. கூட வரும் மனைவி, கணவர், பிள்ளைகளும் அந்தக் கணக்கில்தான் கழிகிறார்கள். எந்த ஒரு நாட்டுக்கும் மொத்த ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்திய வரிசை ஏறக்குறைய 20 ஆண்டில் நிற்கிறது. 2009 என்றால் இன்னும் சில வருஷம் பொறுக்கத்தான் வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஒதுக்கீடு தீர்ந்து தேதி பின்னால் போனால் பதற வேண்டாம். அக்டோபரில் புதுக் கணக்கு தொடங்கும். உங்கள் இடம் எங்கும் போகாது.

எங்கள் எஃப்-4 மனு 2008 மார்ச்சில் போட்டது, 2012 மே மாதம் அப்ரூவ் ஆனது. மகன் 2006-இல் பிறந்தவன். அவனுக்கு 21 தாண்டிவிட்டால் கழற்றிவிடுவார்களா? (சயான்)

தேவையான தேதிகளோடு எழுதியிருக்கிறீர்கள், நன்றி. மனு நிலுவையில் கிடந்த காலத்தை மகனின் வயதிலிருந்து கழிப்பார்கள். உங்களுக்கு அது 4 வருஷம் 2 மாதம். ஆகவே முதல் அட்டவணையில் தேதி கரண்ட் ஆகும் (உங்கள் முறை வரும்) மாதத்தில் அவனுக்கு 25 வயது 2 மாதம் நிறையாமல் இருந்தால் சட்டப்படி அவன் இன்னும் 'குழந்தை'. 2031 வரை அவகாசம் இருக்கிறது. தப்பிக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு நிபந்தனை: கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, கரண்ட் ஆன நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் அவன் பெயரில் டி.எஸ்.-260 (குடியேற்ற விசா விண்ணப்பம்) போட வேண்டும். அந்த ஒரு வருஷத்தைக் கோட்டைவிட்டுக் கண்ணீர் விடுகிறவர்கள்தான் அதிகம்.

எஃப்-4 மனு அப்ரூவ் ஆகவில்லையே என்று வருஷா வருஷம் நச்சரிப்பவர்களுக்கும் இதே பதில். எப்படியும் 20 வருஷம் காத்திருக்கப் போகிற மனு ஆறு மாதத்தில் அப்ரூவ் ஆகி என்ன பயன்? பிள்ளையின் வயதில் கழிக்க வெறும் ஆறு மாதம்தான் மிஞ்சும். அது தூங்கட்டும், விடுங்கள்.

அப்பா கிரீன் கார்டு வைத்திருக்கிறார். எனக்கு 27 வயது, எஃப்-2பி-யில் (கிரீன் கார்டு வைத்திருப்பவரின் 21 தாண்டிய மணமாகாத பிள்ளைக்கான பிரிவு) 2019 தேதி. தை மாதம் கல்யாணம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. கோயிலில் தாலி கட்டிவிட்டு, பதிவை மட்டும் விசா வந்த பிறகு செய்தால் பிரச்சினை இல்லைதானே? (செம்பூர்)

பிரச்சினைதான். தாலி கட்டிய நிமிஷம் உங்கள் மனு செத்துவிடும்.

இந்தக் கடிதம் ஏதோ ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் மட்டும் யாரும் எழுதுவதில்லை. பெண் வீட்டாரைக் கேட்கிறீர்கள், ஜோசியரைக் கேட்கிறீர்கள், சமையல்காரரிடம் நாள் கேட்கிறீர்கள். ஏழெட்டு வருஷமாகக் காத்த மனு என்ன ஆகும் என்று கேட்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை.

கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மணமான பிள்ளைக்கு என்று ஒரு பிரிவே சட்டத்தில் கிடையாது. அதனால் மனு தானாகவே ரத்து. யாரும் கடிதம் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு விவாகரத்தே ஆனாலும் பழைய தேதி திரும்பி வராது. புது மனு, புது தேதி.

"பதிவு செய்யவில்லையே" என்ற வாதம் நம் ஊரிலேயே நிற்காது. இந்து திருமணச் சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி, வழக்கமான சடங்கு நடந்தால் திருமணம் முடிந்தது; சப்தபதி உள்ள குடும்பத்தில் ஏழாவது அடியோடு முடிந்தது. தமிழ்நாட்டில் சுயமரியாதை முறை என்றால் 7ஏ பிரிவு: உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றதாகச் சொல்லி மாலை மாற்றினாலே போதும். பதிவுச் சான்றிதழ் என்பது நடந்ததற்குச் சாட்சி, கல்யாணம் அதுவல்ல. விசா அதிகாரி கேட்கப்போவதும் "பதிவு செய்தீர்களா" என்று அல்ல, "கல்யாணம் ஆகிவிட்டதா" என்று. டி.எஸ்.-260-இல் மணமாகாதவர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மாட்டினால், பொய்த் தகவல் என்று ஆயுள் முழுக்கத் தடை. உடனே மாட்டாவிட்டாலும், நாளைக்கு மனைவிக்கு நீங்களே மனு போடும்போது கல்யாணப் போட்டோவும் பத்திரிகையும் கேட்பார்கள். அதில் தேதி இருக்கும். கிரீன் கார்டே பறிபோகலாம். மறைக்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அப்பாவிடம் ஒரு கேள்வி: 2019-இலேயே மனு போட்டவர், ஏன் இன்னும் சிட்டிசன் ஆகவில்லை? கிரீன் கார்டு வாங்கி 5 வருஷம் ஆனால் என்-400 (சிட்டிசன் ஆவதற்கான விண்ணப்பம்) போடலாம். 90 நாள் முன்னதாகவே வாங்கிக்கொள்வார்கள். அந்த 5 வருஷத்தில் பாதிக் காலமாவது அவர் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். வருஷத்தில் எட்டு மாதம் செம்பூரில் இருப்பவர் என்றால் கதை வேறு. அவர் பிரமாணம் எடுத்துச் சிட்டிசன் ஆனதும் உங்கள் மனு எஃப்-1 (சிட்டிசனின் மணமாகாத பிள்ளை) ஆகும். அதன் பிறகு தாலி கட்டினால் எஃப்-3 (சிட்டிசனின் மணமான பிள்ளை) ஆகும். 2019 தேதி அப்படியே நிற்கும், மனைவியும் கூடவே வரலாம். விலை என்னவென்றால், எஃப்-3 இந்திய வரிசை 14, 15 வருஷம். எஃப்-1, எஃப்-2பி இரண்டும் 9 வருஷத்தை ஒட்டி இருக்கின்றன.

அவசரமில்லாதவர்களுக்கு என் சிபாரிசு இன்னொரு வழி. மணமாகாதவராகவே விசா வாங்கி, அமெரிக்காவில் இறங்கி, பிறகு ஊருக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு மனைவிக்கு எஃப்-2ஏ போடுவது. அந்த வரிசை இப்போதைக்கு இரண்டு, மூன்று வருஷம்தான். ஒரே எச்சரிக்கை: விசா குத்தியாகிவிட்டதே என்று விமானம் ஏறுமுன் முகூர்த்தம் வைக்காதீர்கள். அமெரிக்காவில் இறங்கும் நொடியிலும் நீங்கள் மணமாகாதவராக இருக்க வேண்டும். நிச்சயதார்த்தத்துக்குத் தடையில்லை, தட்டு மாற்றிக்கொள்ளுங்கள், மோதிரம் போடுங்கள், அதோடு நிறுத்துங்கள். மண்டபத்துக்காரரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

ஏஜென்ட் ஒருவர் 2 லட்சம் கொடுத்தால் எஃப்-4 தேதியை முன்னுக்குக் கொண்டுவருவேன் என்கிறார். (தாராவி)

யாராலும் முடியாது. 2 லட்சம் உங்களிடமே இருக்கட்டும்.

சென்னையில் பிறந்தேன். எச்-1பி முடித்து பெங்களூரு திரும்பிவிட்டேன். ஈபி-2 (வேலைவாய்ப்பு கிரீன் கார்டுப் பிரிவு), 2019 தேதி, ஐ-140 (கம்பெனி போடும் மனு) அப்ரூவ் ஆனது. பழைய கம்பெனி அதை வாபஸ் வாங்கிவிட்டது. தேதி போச்சா? மனைவி குவைத்தில் பிறந்தவர். (ஒயிட்ஃபீல்டு)

தேதி போகவில்லை. மோசடி என்றோ தவறாக அப்ரூவ் செய்துவிட்டோம் என்றோ ரத்தாகாத வரை அது உங்களுடையது. ஆனால் அந்த வேலை இப்போது இல்லை. புதிதாக ஒரு கம்பெனி பெர்ம் (அமெரிக்கத் தொழிலாளர் துறைச் சான்று) முடித்து ஐ-140 போட வேண்டும். அதில் 2019 தேதியை வைத்துக்கொள்ளலாம்.

போகிறபோக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, குவைத்: அதுதான் முக்கியம். வரிசை பிறந்த நாட்டை வைத்து, பாஸ்போர்ட்டை வைத்து அல்ல. கூடவே குடியேறும் மனைவி பிறந்த நாட்டின் கணக்கில் நீங்களும் சேரலாம். ஈபி-2 இந்திய வரிசையில் சுமார் 12 வருஷத்துக்கு முந்தைய தேதிகள் ஓடுகின்றன. குவைத் சேரும் பொது வரிசையில் 2019 எப்போதோ தாண்டிவிட்டது. சிங்கப்பூர், மலேசியா, இலங்கையில் பிறந்த மனைவி, கணவருக்கும் இதே விதி. பிள்ளை பிறந்த நாடு உதவாது. எஃப்-4-க்கும் பொருந்தும், லாபம் ஒன்றிரண்டு வருஷம்தான்.

இதில் நம்மவர்கள் சறுக்கும் இடம் பாஸ்போர்ட். 'பிறந்த இடம்' என்ற கட்டத்தில் சொந்த ஊரை எழுதிவிடுவார்கள். குவைத் ஆஸ்பத்திரியில் பிறந்த பெண்ணின் பாஸ்போர்ட்டில் திருநெல்வேலி என்று இருக்கும். குவைத் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து, பாஸ்போர்ட்டை இப்போதே திருத்துங்கள். இன்டர்வியூ நேரத்தில் திருத்தினால் சந்தேகம்தான் வரும்.

மகள் சிட்டிசன், 30 வயது. எங்கள் இருவருக்கும் ஒரே மனு போதுமா? 19 வயது மகனையும் சேர்க்கலாமா? (அல்சூர்)

போதாது, அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என இரண்டு ஐ-130 (உறவினருக்கான மனு). மகனைச் சேர்க்க முடியாது. உங்களுக்கு வருஷக்கணக்கான வரிசை இல்லை, காகித வேலை மட்டும்தான். கிரீன் கார்டு வந்ததும் மகனுக்கு நீங்கள் தனியாகப் போடுங்கள். அதுவரை அவனுக்கும் கல்யாணம் வேண்டாம். செம்பூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பாஸ்போர்ட்டில் எனக்குப் பெயர் மட்டும் இருக்கிறது, சர்நேம் கட்டம் காலி. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல். அம்மா 1962-இல் பிறந்தவர், பிறப்புச் சான்றிதழே இல்லை. (மயூர் விஹார், டெல்லி)

சர்நேம் காலியாக இருந்தால் விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. ('முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழும். கிரீன் கார்டு, லைசென்ஸ் வரை அந்த மூன்றெழுத்து கூடவே வரும். டி.எஸ்.-260 போடும் முன்பே இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சர்நேமாக்கிப் புதுப் பாஸ்போர்ட் எடுங்கள். பழைய பெயரும் புதுப் பெயரும் ஒருவரே என்று ஒரு அஃபிடவிட் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு: 1970 ஏப்ரலுக்கு முன் பிறந்தவர்களுக்குப் பதிவு இல்லாதது சகஜம். பிறந்த ஊர் நகராட்சியிலோ தாலுகா அலுவலகத்திலோ 'பதிவு கிடைக்கவில்லை' என்ற சான்றிதழ் வாங்குங்கள். அதோடு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ, பிறப்பை அறிந்த மூத்த உறவினரின் அஃபிடவிட்டும் வேண்டும். அஃபிடவிட் மட்டும் கொடுத்தால் என்விசி திருப்பி அனுப்பும்.

எஃப்-4 நிலுவையில் இருக்கும்போது பேரனைப் பார்க்க டூரிஸ்ட் விசா கேட்கலாமா? (முலுண்ட்)

கேட்கலாம். டூரிஸ்ட் விசா விண்ணப்பமான டி.எஸ்.-160-இல் உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுத வேண்டும். மறைக்காதீர்கள். அவர்கள் கணினியில் அது இருக்கிறது.

என்விசி-யிலிருந்து வந்த மெயிலை இரண்டு வருஷம் கழித்துத்தான் பார்த்தேன். (ஜெயநகர், பெங்களூரு)

விசா கிடைக்கும் நிலை வந்துவிட்டது என்று அறிவித்த பிறகு ஒரு வருஷம் நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் மனுவை முடித்துவைக்கலாம். அறிவித்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள், உங்கள் கையில் இல்லாத காரணம் என்று காட்டினால் மீட்கலாம். 'மெயில் பார்க்கவில்லை' அந்தக் காரணத்தில் சேராது. முதலில் மெயிலை ஒழுங்காகப் படியுங்கள்: கரண்ட் ஆனதாக வந்த அறிவிப்பா, வெறும் கட்டணக் கடிதமா? கட்டணக் கடிதம் என்றால் தளத்தில் போய் விசா கட்டணம் ஆளுக்கு 325 டாலர், ஸ்பான்சர் படிவத்துக்கு 120 டாலர் கட்டுங்கள். கேஸ் நம்பர் வேலை செய்யவில்லை என்றால் இன்றே என்விசி-க்கு எழுதுங்கள். மெடிக்கலும் பி.சி.சி.யும் (போலீஸ் சான்றிதழ்) இப்போது எடுக்காதீர்கள். மெடிக்கல் பெரும்பாலும் 6 மாதத்தில் காலாவதி, பி.சி.சி. 2 வருஷத்தில். மும்பை பி.கே.சி.யில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் இன்டர்வியூ தேதி கைக்கு வந்த பிறகு மெடிக்கல் போதும், அதுவும் தூதரகப் பட்டியலில் உள்ள டாக்டரிடம் மட்டும்.