ரிசார்ட் வாசலில் காட்டு விலங்கு: வாசகர் கேள்வி பதில்

விடுமுறைக் காலம் நெருங்குவதால், காட்டோரமும் கடலோரமும் உள்ள ரிசார்ட்டுகளில் விலங்குகளால் வரும் ஆபத்துகள் பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: மலைப்பகுதி ரிசார்ட்டில் குரங்குகள் பால்கனிக்கே வந்து பையைப் பிடுங்குகின்றன. குச்சி வைத்திருந்தால் போதுமா? லேசாகக் கீறினாலும் ஊசி போட வேண்டுமா?

ப: குச்சி வேண்டாம். ஓங்கினால் குட்டிகள் ஓடும், கூட்டத்தின் பெரிய ஆண் குரங்கு முன்னே வரும். பால்கனி வரை துணிந்து வரும் குரங்கு பெரும்பாலும் மனிதர்கள் பழக்கிவிட்ட குரங்கு. உங்களுக்கு முன் அதே அறையில் தங்கியவர்கள் பழமும் பிஸ்கட்டும் நீட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் உறை சரசரத்தாலே சாப்பாடு என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. எனவே தின்பண்டத்தை அறைக்குள், மூடிய பெட்டியில் வையுங்கள். தள்ளு கதவைச் சாத்தினால் மட்டும் போதாது, தாழ்ப்பாளும் போடுங்கள். கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள். அது வாயை அகலத் திறந்து உங்களை முறைத்தால் எச்சரிக்கிறது என்று பொருள். முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். பையைப் பிடித்துவிட்டால் விட்டுவிடுங்கள். இழுபறியில்தான் கடி விழுகிறது.

கீறலுக்கு வருவோம். கடித்தாலும் கீறினாலும் அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள்; பலரும் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ரேபிஸ் வைரஸ் உள்ளே போகுமுன் அதன் அளவைக் குறைப்பது இந்தக் கழுவல்தான். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வராத சிறு கீறலுக்குத் தடுப்பூசி போதும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு ரேபிஸ் இம்யூனோகுளோபுலினும் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலைப் பொருள் கொண்ட ஊசி மருந்து) தேவை. அதைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்துவார்கள். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை காவல் நிற்பது இம்யூனோகுளோபுலின்தான். முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து, 3, 7 ஆகிய நாட்களிலும் அதன் பிறகும் மருத்துவர் சொல்லும் நாட்களில் ஊசி தொடரும். ஊர் திரும்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவே கூடாது. ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். அறைக்குள் வௌவால் பறந்து, யாராவது தூங்கிக்கொண்டிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதன் பல் தடம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம்.

கே: ரிசார்ட் ஏரிக்கரையில் 'நீந்தக் கூடாது' என்று மட்டும் பலகை இருந்தது. குழந்தைகள் கரையில் விளையாடலாம்தானே?

ப: முதலை இனங்கள் வாழும் நாடு என்றால், கூடாது. 2016 ஜூனில் அமெரிக்காவின் புளோரிடாவில், பெரிய பொழுதுபோக்கு ரிசார்ட் ஒன்றின் செயற்கை ஏரியில் இதேதான் நடந்தது. இரவு வேளையில், கரையோரம் ஆழமே இல்லாத தண்ணீரில் நின்ற இரண்டு வயதுக் குழந்தையை அலிகேட்டர் என்ற முதலை இனம் இழுத்துச் சென்றது. குழந்தை உயிர் பிழைக்கவில்லை. அங்கேயும் பலகை 'நீந்தக் கூடாது' என்றுதான் சொன்னது, அலிகேட்டர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வேலியும் தெளிவான எச்சரிக்கையும் அதன் பிறகே வந்தன. வெள்ளை மணல் கொட்டி, நாற்காலி போட்டு, விளக்கு மாட்டிய கரையைப் பார்க்கும் பெற்றோருக்கு முதலை நினைவுக்கு வராது. பலகையில் விலங்கின் படம் போடுவது ரிசார்ட்டின் கடமை. பலகை இல்லை என்பதால் விலங்கு இல்லை என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

முதலை, தண்ணீர் விளிம்பில் வரும் இரைக்காகக் காத்திருந்து பிடிக்கும் விலங்கு. முழங்கால் அளவு கலங்கல் தண்ணீரே அது மறைந்திருக்கப் போதும். அந்தி முதல் விடியல் வரை அதன் வேட்டை நேரம். குழந்தை, நாய், குனிந்து கை கழுவுபவர் எல்லாம் அதன் கண்ணுக்கு இரை அளவில்தான் தெரிகிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தண்ணீர் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். எங்கும் பின்பற்றத்தக்க அளவு அது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இறங்குவது, மீன் கழிவைக் கரையில் போடுவது இரண்டும் முதலையை அந்த இடத்துக்கு வரவழைக்கும்.

முதலை துரத்தினால் வளைந்து வளைந்து ஓடு என்று சொல்வதை நம்பாதீர்கள். நேராக, தண்ணீரை விட்டு விலகி ஓடுங்கள். தரையில் அது விரைவில் களைத்துவிடும். பிடித்தே விட்டால் அதன் கண்களைக் குத்துவதுதான் மிச்சமிருக்கும் வழி.

கே: காட்டோரக் குடிலில் தங்கப் போகிறோம். இரவில் யானை வந்தால்?

ப: உள்ளேயே இருங்கள். பார்க்க வெளியே வருவதும், பிளாஷ் போட்டுப் படம் எடுப்பதும், டார்ச்சை முகத்தில் அடிப்பதும் யானையைத் தூண்டும் செயல்கள். யானைக்கு மோப்பம் அதிகம். வாழைப்பழம், தானியம், உப்பு, மது இவற்றை அறையில் வைத்தால் வாசனை பிடித்து வரும். சுவரையே இடித்து எடுத்த யானைகளும் உண்டு. உணவைப் பொதுச் சமையலறையில் ஒப்படைத்துவிடுங்கள்.

குடிலிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு இரவில் தனியாக நடக்காதீர்கள். நூறு அடி தூரம்தான் என்றாலும் ஊழியரைக் கூப்பிடுங்கள். காதை விரித்து, தலையை உயர்த்தி, பிளிறிக்கொண்டு வந்தால் அநேகமாக மிரட்டல். காதைப் பின்னே ஒட்டி, தும்பிக்கையை உள்ளே சுருட்டி, சத்தமில்லாமல் வந்தால் உண்மையான தாக்குதல். ஆனால் இந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்க நிற்காதீர்கள், முதல் அசைவிலேயே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் வழியும் ஆண் யானை மதத்தில் இருக்கிறது. அதனருகே வாகனத்தில்கூடப் போகக் கூடாது.

ஆப்பிரிக்க ஆற்றங்கரை முகாம் என்றால் யானையைவிட நீர்யானையைக் கவனியுங்கள். இரவில் புல் மேயக் கரையேறி வரும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் நீங்கள் நின்றால், தண்ணீருக்குத் திரும்பும் வழியில் உங்களை மோதித் தள்ளும். தரையில் நம்மைவிட வேகம் அது.

கே: தீவு ரிசார்ட்டில் டிங்கோ நாய்கள் குழந்தைகள் அருகில் வருமாமே? நாய் போலத்தானே இருக்கும்?

ப: உருவம் நாய், நடத்தை காட்டு விலங்கு. ஆஸ்திரேலியாவின் ஃபிரேசர் தீவில் (2023 முதல் அதிகாரப்பூர்வப் பெயர் கிகாரி) 2001-ல் ஒன்பது வயதுச் சிறுவனை டிங்கோக்கள் கொன்றன. சுற்றுலாப் பயணிகளிடம் உணவு பெற்றுப் பழகிய டிங்கோ கூச்சம் இழந்து, முகாமுக்குள் வந்து, கடைசியில் கடிக்கத் தொடங்குகிறது. பிறகு அந்த விலங்கையே கொல்ல நேர்கிறது. உணவு கொடுத்தவர் ஊருக்குப் போய்விடுவார், விலை கொடுப்பது அடுத்து வரும் குழந்தையும் அந்த விலங்கும்தான். இது எங்களுக்கு மிகவும் வேதனை தரும் விஷயம்.

குழந்தை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டிங்கோ நெருங்கினால் ஓடாதீர்கள். ஓடுவது துரத்தலைத் தூண்டும். நிமிர்ந்து நின்று, கைகளை மார்பில் கட்டி, அதை எதிர்நோக்கியபடி மெல்லப் பின்வாங்குங்கள். இருவர் இருந்தால் முதுகோடு முதுகு ஒட்டி நில்லுங்கள்.

கே: அறைக்குள் பாம்பு வராமல் எப்படித் தடுப்பது? கடித்தால் கட்டுப் போட வேண்டுமா?

ப: கதவின் அடி இடுக்கில் துண்டைச் சுருட்டி அடையுங்கள். குளியலறையின் வடிகால் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். தரையில் படுக்காதீர்கள், கொசுவலை இருந்தால் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். காரணம் இருக்கிறது: தெற்காசியாவின் கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தூங்குபவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சு குழறுதல் என்று தொடங்கும். எனவே 'காலையில் கண் திறக்க முடியவில்லை' என்று ஒருவர் சொன்னால் பாம்புக்கடியையும் நினையுங்கள். வாசலில் கிடந்த காலணியை உதறிப் போடுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கையோ காலோ அழுகிப் போகும். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், வீங்கினால் பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட உறுப்பை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் மரச்சட்டம் வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுவரத் தேவையில்லை. செத்த பாம்பின் தலைகூடக் கடிக்கும். எட்ட நின்று படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். துப்பும் நாகம் கண்ணில் துப்பினால் உடனே ஏராளமான தண்ணீரால் கண்ணைக் கழுவிக்கொண்டே இருங்கள்.

கே: கடலில் ஜெல்லி மீன் பட்டால் வினிகரா, வெந்நீரா?

ப: எது பட்டது என்பதைப் பொறுத்தது. வெப்பமண்டலக் கடலின் பெட்டி ஜெல்லி மீன் என்றால் முதலில் வினிகரைக் குறைந்தது 30 விநாடி ஊற்றுங்கள். வினிகர் வலியைத் தணிக்காது. தோலில் ஒட்டிய இழைகளில் இன்னும் வெடிக்காத விஷச் செல்களை வெடிக்காமல் நிறுத்தும். பிறகு இடுக்கியால் இழைகளை எடுங்கள். மணலால் தேய்ப்பதும், நன்னீர் ஊற்றுவதும், சிறுநீர் கழிப்பதும் அந்தச் செல்களை வெடிக்க வைக்கும். மூச்சு நின்றால் சிபிஆர் (மார்பை அழுத்தி, வாய்வழியே மூச்சு ஊதும் முதலுதவி) கொடுங்கள்.

திருக்கை முள்ளுக்கு வெந்நீர். ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸில், 30 முதல் 90 நிமிடம் முக்குங்கள். அதன் விஷம் சூட்டில் சிதையும். சூட்டை வேறொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும், வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். முள் மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். ஆழம் குறைந்த மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால் திருக்கை விலகிப்போகும்.

சுறா பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். 2010-ல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் சில நாட்களுக்குள் ஐந்து பேர் தாக்கப்பட்டு ஒருவர் இறந்தார். கப்பலிலிருந்து கடலில் வீசிய ஆட்டுச் சடலங்களும், மீன்களுக்கு இரை போட்ட பழக்கமும் காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. படகிலிருந்து மீனுக்கு இரை போடும் இடத்தில் நீந்தாதீர்கள்.

கே: புல்வெளியில் மேயும் மான், காட்டெருமையுடன் படம் எடுக்கலாமா?

ப: எட்ட நின்று எடுக்கலாம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் காட்டெருமைக்கும் மானுக்கும் 23 மீட்டர், கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர் என்பது விதி. அளவுகோல் கையிலேயே இருக்கிறது: கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை உயர்த்துங்கள். விரல் விலங்கை முழுதாக மறைக்காவிட்டால் மிக அருகில் இருக்கிறீர்கள். குட்டி தனியாக நின்றாலும் தாய் பக்கத்தில்தான் இருக்கும்.

கே: அறை பதிவு செய்யுமுன் என்ன கேட்க வேண்டும்?

ப: குப்பைத் தொட்டிகளுக்குப் பூட்டு உண்டா? இரவில் துணைக்கு ஊழியர் வருவாரா? விலங்குகளுக்கு இரை போடும் 'நிகழ்ச்சி' நடத்துகிறார்களா? நடத்தினால் அந்த இடத்தைத் தவிர்ப்பதே எங்கள் ஆலோசனை. பாம்பு விஷமுறிவு மருந்தும் ரேபிஸ் இம்யூனோகுளோபுலினும் இருப்பில் உள்ள மருத்துவமனை எது, இரவில் அங்கு போய்ச் சேர எத்தனை நிமிடம், எந்த வாகனம்? இதற்கு வரவேற்பு மேசையில் உடனே பதில் வர வேண்டும். 'பக்கத்தில்தான் இருக்கிறது' என்று மட்டும் சொன்னால், அந்த மருத்துவமனைக்கு நீங்களே போன் செய்து இருப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.