ஸ்வெட்டரை மறக்காதீங்க!

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, நானும் என் சிநேகிதியும் சான் பிரான்சிஸ்கோ சுற்றிய கதையைப் போகிற போக்கில் இரண்டு வரி சொல்லி, ஜூலை, ஆகஸ்டில் போனாலும் ஸ்வெட்டரை மறக்காதீங்க என்றும் எழுதிவைத்தேன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே. கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை அங்கே இருக்கும்போல! சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 59. ஜூலையில் மகள் வீட்டுக்கு ஃப்ரீமான்ட் போகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த சிநேகிதி அதே சமயம் சன்னிவேலில் மகன் வீட்டில் இருப்பாள். பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் நாலு நாள் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிப் பார்க்க முடியுமா? என்னென்ன பார்க்கலாம்? மகள் பயப்படுகிறாள்.
— வாசகி, கடலூர் முதுநகர்

முடியும் டீச்சர். மகளிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். தீபாவளிக்கு முதல் நாள் கடலூர் பஸ் ஸ்டாண்டில் பாண்டி பஸ்ஸைப் பிடித்து சீட்டும் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த ஊர் ரயிலெல்லாம் ஒன்றுமே இல்லை. ஃப்ரீமான்ட்டில் பார்ட் ரயில் ஏறினால் எம்பார்கடேரோ ஸ்டேஷனில் இறங்கலாம். சன்னிவேல்காரர் கால்ட்ரெய்னில் கடைசி ஸ்டேஷன் வரை வந்து, எதிரிலேயே வரும் 'என் ஜூடா' டிராமில் ஏறினால் அவரும் அங்கேயே வந்து சேர்வார். கிளிப்பர் என்று ஒரு கார்டு இருக்கிறது, ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் அதைக் காட்டினால் போதும். மேலே ஏறி வந்தால் கடலோரத்தில் ஃபெர்ரி பில்டிங் மணிக்கூண்டு தெரியும். 1898-லிருந்து நிற்கிறது. அதன் கீழே சந்திப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் போனாலும் கவலையில்லை.

என்னென்ன பார்ப்பது என்பதில்தான் சிக்கலே. நாங்கள் போனபோது என் அக்கா மகன் எக்ஸெல் ஷீட்டில் இருபத்து மூன்று இடம் போட்டு, இத்தனை மணிக்கு இங்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டான். முதல் நாள் மூன்றாவது இடத்திலேயே சண்டை வந்தது. பியர் 39 என்று ஒரு படகுத்துறை, அங்கே கடற்சிங்கங்கள் கூட்டமாகக் கிடக்கும். 1989 அக்டோபரில் பெரிய நிலநடுக்கம் வந்து போன பிறகு, அடுத்த ஜனவரியில் எங்கிருந்தோ வந்து படகு கட்டுகிற மிதவைகளில் ஏறிப் படுத்துக்கொண்டன. படகுக்காரர்கள் எவ்வளவோ முணுமுணுத்தார்கள், கடைசியில் இடத்தை அவைகளுக்கே விட்டுக்கொடுத்தாயிற்று. ஒன்று ஏறப் பார்க்கும், மேலே கிடப்பது தலையால் முட்டித் தள்ளும், விழுந்தது மறுபடி சுற்றிவந்து ஏறும். கருவாட்டு வாடையோடு ஒரே குரைப்பு. என் சிநேகிதியும் உங்கள் முதுநகர்க்காரிதான். "துறைமுகத்துல மத்தி இறக்கற நேரம் மாதிரியே இருக்குடி" என்று சொல்லிக் கைப்பிடியில் சாய்ந்து நின்றவள் ஒரு மணி நேரம் நகரவில்லை. நான் ஷீட்டை வைத்துக்கொண்டு "லம்பார்ட் தெருவுக்கு நேரமாச்சு, வாடி" என்று பிடுங்க, அவள் "நீ வேணும்னா போ" என்றாள். போகும்போது பஸ்ஸில் ஆளுக்கு ஒரு ஜன்னல், பேச்சே இல்லை. அந்த லம்பார்ட் தெரு, ஒரே ஒரு பிளாக்கில் எட்டு வளைவு, கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெளிந்து இறங்குகின்றன, ஐந்து நிமிஷத்தில் பார்த்து முடிந்துவிட்டது. அதற்காகவா சண்டை போட்டோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அன்று ராத்திரி ஷீட்டை மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டோம். அதன்பிறகு ஒரு நாளைக்கு இரண்டு இடம்தான். மதியம் இரண்டு மணி நேரம் அவரவர் பாடு, அவள் எங்காவது பெஞ்சில் உட்காருவாள், நான் கடை கடையாக அலைவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்பேன். (ஜூலையில் கடற்சிங்கங்களில் பெரும்பாலானவை குட்டி போடத் தெற்கே போய்விடும். கொஞ்சம்தான் இருக்கும், ஏமாற வேண்டாம்.)

கேபிள் காரை விடாதீர்கள். 1873-ல் ஆரம்பித்தது. மேட்டில் வண்டி இழுத்த குதிரைகள் வழுக்கி விழுந்ததைப் பார்த்துத்தான் ஹாலிடி என்பவர் இதை யோசித்தார் என்று சொல்வார்கள். வண்டியில் எஞ்சினே கிடையாது. தெருவுக்கு அடியில் இரும்புக் கம்பிவடம் ஓயாமல் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், வண்டிக்காரர் ஆளுயர நெம்புகோலை இழுத்தால் இடுக்கி மாதிரி ஒன்று வடத்தைக் கவ்விக்கொள்ளும், வண்டி போகும். விட்டுவிட்டு பிரேக் போட்டால் நிற்கும். பவல் தெரு முனையில் வரிசை நீளமாக இருக்கும், கலிபோர்னியா தெரு வண்டியில் ஏறினால் அவ்வளவு கூட்டம் இல்லை. நாங்கள் போனபோது ஒரு தடவை ஏற 8 டாலர். ஆனால் கேபிள் கார் மியூசியம் இலவசம், அதுதான் எனக்கு வண்டியைவிடப் பிடித்தது. ஊர் முழுவதும் ஓடுகிற நாலு வடங்களையும் அந்த ஒரே கட்டடத்தில் ஆளைவிடப் பெரிய சக்கரங்கள் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கின்றன. "கிணத்து ராட்டினத்தைத் தெருவுக்கு அடியில படுக்க வெச்சிருக்கானுங்க, அவ்வளவுதான்" என்றாள் என் சிநேகிதி. இதற்கு மேல் யாரும் அதை விளக்கிவிட முடியாது.

அல்காட்ராஸ் சிறைத்தீவுக்கு மட்டும் மகளைவிட்டு இப்போதே டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள், ஜூலையில் அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது. பியர் 33-லிருந்து படகு. 1934 முதல் 1963 வரை மத்திய அரசின் சிறையாக இருந்த இடம். படகிலிருந்து இறங்கி மேலே போகப் பதின்மூன்று மாடி ஏறுகிற அளவுக்கு ஏற்றம். முட்டி வலி இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள், ஏற்றிப் போக ஒரு சின்ன வண்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே காதில் மாட்டிக்கொள்ள ஒன்று தருவார்கள், பழைய கைதிகளும் காவலர்களுமே பேசுகிறார்கள். 1962 ஜூனில் மூன்று பேர் சுவரைச் சுரண்டி ஓட்டை போட்டு, படுக்கையில் பொம்மைத் தலைகளை வைத்து, நிஜமான தலைமுடியையும் ஒட்டிவிட்டு, ரெயின்கோட்டுகளைச் சேர்த்து மிதவை கட்டித் தப்பித்தார்கள். இன்றுவரை அகப்படவில்லை. அந்த அறையின் முன்னால் என் சிநேகிதி ரொம்ப நேரம் நின்றாள். தப்பித்தவர்களைப் பற்றி அல்ல, ராத்திரி முழுக்கப் பொம்மைத் தலையை எண்ணிப் போன காவலரைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. "அந்த ஆளுக்கு மெமோ குடுத்திருப்பாங்க இல்லடி?"

பிள்ளைகள் யாராவது காரில் கூட்டிப்போனால் ஒரே ஒரு விஷயம். காரில் பையை வைத்துவிட்டு இறங்காதீர்கள், காலி கட்டைப்பையைக்கூட வைக்காதீர்கள். கண்ணாடியை உடைத்து எடுத்துப் போய்விடுகிறார்கள். எங்களுக்கு நடந்தது. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, திரும்பி வந்து பார்த்தால் பின் சீட்டு முழுக்கக் கற்கண்டு கொட்டினதுபோல் கண்ணாடித் துகள். போனது என்ன என்று பார்த்தால் ஒரு பை முறுக்கும் இரண்டு ஜோடி சாக்ஸும்.

ஜூலை, ஆகஸ்டில் அங்கே கோடைக்காலம்தானே, எதற்கு ஸ்வெட்டர் என்று எழுதியிருந்தீர்கள்?
— கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

நானும் அப்படி நினைத்துத்தான் சுங்குடிப் புடவையோடு கோல்டன் கேட் பாலத்தில் போய் நின்றேன், தம்பி. பசிபிக்கில் அந்தக் கரையோரம் ஓடுவது வடக்கிலிருந்து வருகிற குளிர்ந்த நீரோட்டம். கோடையில் காற்று மேல்தண்ணீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து அதைவிடச் சில்லென்ற தண்ணீர் மேலே வரும். அதன்மேல் படுகிற ஈரக்காற்று மூடுபனியாகிவிடும். அதே சமயம் உள்நாட்டுச் சமவெளியில் நம் ஊர் கத்திரி வெயில் மாதிரி 38, 40 டிகிரி. அங்கே சூடான காற்று மேலே போகப் போக, கடல் பக்கத்துக் காற்றை உள்ளே இழுக்கும். நம் கடற்கரையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்புகிறதே, அதே சங்கதிதான். ஆனால் அங்கே மலைத்தொடரில் உள்ள பெரிய இடைவெளி அந்த கோல்டன் கேட் ஜலசந்தி ஒன்றுதான், பனியில் பெரும்பகுதி அது வழியாகத்தான் நுழைகிறது. வெயில் வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபரில் போக வேண்டும்.

அந்தப் பாலத்தைப் பார்த்தேன் என்று சொல்வதைவிடத் தொட்டேன் என்று சொன்னால் சரியாக இருக்கும். 28-ஆம் எண் பஸ்ஸில் போய் இறங்கினோம், நடப்பதற்குக் காசு கிடையாது. கைப்பிடியிலிருந்து மேலே பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் கோபுரத்தின் கால் மட்டும் இருக்கிறது, மீதியைக் காணோம். மேலே போகும் வடத்திலிருந்து தண்ணீர் சொட்டு சொட்டாக எங்கள் தலையில். கீழே எங்கோ, மாடு கத்துவதுபோலக் கப்பல்களுக்கான மூடுபனிச் சங்கு. 1937 மே மாதம் திறந்த பாலம், இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 1,280 மீட்டர். கட்டும்போது கீழே வலை கட்டியிருந்தார்கள், அதில் விழுந்து பிழைத்தவர்கள் 19 பேர். திறப்பதற்குச் சில மாதம் முன்பு சாரம் அறுந்து, அந்த வலையையே கிழித்துக்கொண்டு விழுந்ததில் 10 பேர் செத்துப் போனார்கள். நடுப்பாலம் வரை போனபோது ஐந்து நிமிஷம் பனி விலகி ஊர் தெரிந்தது. நான் போனை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, கேமராவைத் திறப்பதற்குள் மூடிக்கொண்டுவிட்டது. அவள் போனை எடுக்கவே இல்லை, நன்றாகப் பார்த்தாள். எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

நான் மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆள். கூட வரும் தோழி சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி?
— வாசகி, நெல்லிக்குப்பம்

உங்களுக்குக் கொண்டாட்டம். புளித்த மாவு ரொட்டியைக் குடைந்து அதற்குள் மட்டிச் சூப்பை ஊற்றித் தருவார்கள், நண்டுக் காலம் என்றால் டன்ஜனஸ் நண்டு, ஒன்றே தட்டு நிறைய இருக்கும். வேகவைத்து வெண்ணெய் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நண்டுக் குழம்பு தின்ற நாக்குக்கு அது பத்தியச் சாப்பாடு மாதிரிதான், என்றாலும் சதை இனிப்பு. தோழிக்கு மிஷன் பகுதியில் சப்பாத்தி மாதிரி ஒன்றில் பீன்ஸ் வைத்துச் சுருட்டிய புரிட்டோ வாங்கிக் கொடுங்கள், பன்றிக் கொழுப்போ கோழிச் சாறோ சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இட்லிப் பொடி கையில் இருந்தால் நல்லது. ரொட்டிக்குக்கூடத் தொட்டுக்கொள்ளலாம், நாங்கள் தொட்டுக்கொண்டோம்.

அங்கே நம் நாட்டுச் சரித்திரத்தோடு சம்பந்தப்பட்ட இடம் எதுவும் இல்லையா?
— வாசகர், வில்லியனூர்

நல்ல கேள்வி, அண்ணே. ஒன்றுக்கு இரண்டு இருக்கிறது. வெப்ஸ்டர் தெருவில் வேதாந்த சங்கத்தின் பழைய கோயில். விவேகானந்தர் 1900-ல் அந்த ஊரில் இருந்தபோது தொடங்கிய சங்கம் அது. கோயிலைத் திறந்தது 1906 ஜனவரியில், அடுத்த ஏப்ரலில் ஊரையே சாய்த்துத் தீவைத்த நிலநடுக்கத்துக்கும் அது தப்பித்து நிற்கிறது. மொட்டை மாடியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கோபுரங்கள், வெளியே நின்று பார்த்தாலே போதும். இன்னொன்று வுட் தெரு 5-ஆம் எண், கதர் நினைவகம். கதர் என்றால் துணி இல்லை, உருதுவில் கலகம். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து அமெரிக்காவில் இருந்த இந்தியர்கள் தொடங்கிய கட்சி அது. அதன் பத்திரிகை 1913 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வர ஆரம்பித்தது. அந்த வருஷம் நம் பாண்டியில் யார் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பாரதியார், அரவிந்தர், வ.வே.சு. ஐயர். இங்கே பிரெஞ்சுக்காரன் நிழலில், அங்கே அமெரிக்கக்காரன் நிழலில். இப்போது இருப்பது பழைய வீடு இல்லை, அதே இடத்தில் பின்னால் கட்டியது. எப்போதும் திறந்திருக்காது, இந்தியத் தூதரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

அந்த ஊர்க் கடலில் குளிக்கலாமா?
— வாசகர், தேவனாம்பட்டினம்

வேண்டாம். ஓஷன் பீச்சில் தண்ணீர் 13 டிகிரி வாக்கில் இருக்கும், உள்ளே இழுக்கிற நீரோட்டமும் மோசம். தினமும் கடலில் விழுந்து எழுகிற உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஷூவைக் கழற்றிக் காலை நனைத்தேன், எலும்பு வரைக்கும் வலித்தது. ஆனால் சாயங்காலம் அங்கே போங்கள். நமக்கெல்லாம் கடலென்றால் சூரியன் வருகிற பக்கம். அது உள்ளே போவதைக் கரையில் நின்று பார்ப்பது எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவை. ஆகஸ்ட் கடைசி, மணி ஏழே முக்கால், அதிசயமாக அன்று பனி இல்லை. "நம்ம ஊர்ல இப்போதாண்டி இது கடல்ல இருந்து எழுந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே என் சிநேகிதி உடனே வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டாள். அவர் எதிரில் தட்டில் இரண்டு இட்லி மிச்சம் இருந்தது. "மணி எட்டேகால் ஆகுது, சூரியன் எப்பவோ மொட்டை மாடிக்கு வந்தாச்சு. மோட்டார் சுவிட்ச் எங்க இருக்குன்னு சொல்லு முதல்ல, டேங்க்ல தண்ணி இல்ல" என்றார். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சுவிட்சை அவள் சொல்லி அவர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இங்கே சூரியன் முழுகிவிட்டது.